யாரும் படுத்திராத தெரு

டிசம்பர் 2, ஞாயிறு

ஜோவி இப்போதுதான் தூங்கினாள். தொட்டில் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அவள் குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது தொடங்கிய பழக்கம். எழுதினால் பயம் குறையும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகிறது. பயமும் குறையவில்லை, எழுத்தும் விடவில்லை.

வாடை தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் குளிர் என்றால் மலைப்பக்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள். மழையில் நனைந்த துணியோடு ஒரு ராத்திரி இந்தக் கடற்கரையில் படுத்துப் பார்க்கட்டும். போன மார்கழியில் ஐஸ் கம்பெனிச் சுவரோரம் படுத்திருந்தவர் ஒருவர் காலையில் எழுந்திருக்கவே இல்லை.

பங்குச்சாமி இன்று பிரசங்கத்தில் அதைத்தான் எடுத்தார். இந்த வருடம் குடில் போட்டி கிடையாதாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பூசைக்கு முன்னால் அவரே ஒவ்வொரு தெருவாக நடந்து வருவாராம். எந்தத் தெருவில் ஒரு ஆள்கூட வெளியே படுத்திருக்கவில்லையோ, அந்தத் தெரு அன்பியம்தான் நள்ளிரவுப் பூசையில் பாலன் இயேசு சுரூபத்தை ஏந்திக்கொண்டுபோய்க் கோயில் குடிலில் வைக்கும்.

எங்கள் தெரு முப்பது வீடும் சேர்ந்து ஓர் அன்பியம். தலைவி என் கணவர் ஆன்றோவின் அக்கா, பிலோமி மதினி. கோயில் படி இறங்கும்போதே என் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏட்டி ஷெர்லின், இந்தத் தடவ நம்ம தெருதான். நம்ம அன்பியத்துல கைக்குழந்தைக்காரி நீ ஒருத்திதான இருக்க. பாலனை நீதான் தூக்குத."

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. ஜோவி பிழைத்தால் பாலனை என் கையால் ஏந்துகிறேன் என்று பெட்டிக்கு வெளியே நின்று நேர்ந்திருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று ஐந்து மாதமாக நினைக்காத நாள் இல்லை.

டிசம்பர் 5

வலை பின்னும் கூடத்தைக் கழுவி, ஓலைப்பாய் விரித்து, வீட்டுக்கு ஒரு போர்வை சேர்த்துக் கொடுத்தாயிற்று. எங்கள் தெருவில் படுக்கிறவர்கள் நாலே பேர். சாயங்காலக் கஞ்சி வீட்டு முறை. இன்று என் முறை.

நாலு பேரில் பேசுகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் பரோட்டா மாஸ்டர். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் கல்லில் நின்றவர்; ஒரு கால் விளங்காமல் போனதும் நிறுத்திவிட்டார்கள். கஞ்சிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, கஞ்சின்னா அதுல அரிசி இருக்கணும்லா? இது அரிசி குளிச்ச தண்ணியால்ல இருக்கு."

"சும்மா குடிங்க அண்ணாச்சி," என்றாள் மாரிக்கனி. "ஓசில வந்தாலும் ஒரு குத்தம் சொல்லாம தொண்டைல எறங்காது ஒமக்கு."

மாரிக்கனி அடுத்தவள். என் வயது இருக்கும். உப்பளத்துக் கூலி. ஐப்பசி மழையில் குடிசை போயிற்று. வேலை தேடிப் போன புருஷன் வரவில்லை. வயிற்றில் ஏழு மாதம். அரசு சுகாதார நிலையத்தில் பதிந்து அட்டை வைத்திருக்கிறாள், அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பிலேயே செருகியிருக்கிறாள்.

நான் பாத்திரத்தைச் சாய்க்கும்போது ஜோவி வீறிட்டாள். "இங்க தாங்கக்கா," என்று மாரிக்கனி கை நீட்டினாள். கொடுக்க வேண்டியதாயிற்று. தோளில் போட்டு முதுகைத் தடவினாள், அவ்வளவுதான். வீட்டில் என்ன ஆட்டினாலும் அடங்காத பிள்ளை அப்படியே தூங்கிப்போனாள்.

வீட்டுக்கு வந்து ஜோவியை வெந்நீரில் துடைத்துச் சட்டை மாற்றினேன். நான் நுண்ணுயிரியல் படித்தவள், அதனால்தான். வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 7

ஜோவிக்கு மூக்கடைப்பு. அன்றைக்கே நினைத்தேன்.

டிசம்பர் 9

நாலு பேர் ஒன்பது பேராகிவிட்டார்கள். முந்தாநாள் மூன்று பேர்; இன்று விடிந்து பார்த்தால் கூடத்து வாசலில் புதுசாக ஒரு கிழவரும் பேச்சு வராத ஒருத்தியும். யாரென்று தெரியவில்லை. மாஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது.

"மேலத்தெருக்காரவ ஆட்டோல கொண்டாந்து எறக்கிட்டுப் போறாவ தாயி. அவிய தெரு சுத்தமாயிட்டுல்லா."

மதினி கொதித்துப்போனாள். "வெக்கம் இல்லாதவனுவ. நம்ம சோத்தப் போட்டு, அவனுவ பாலனத் தூக்கணுமாக்கும்!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினாள். கூடத்தில் ஒன்பது பேருக்கு மேல் நீட்டிப் படுக்க இடம் இல்லை. இன்னும் ரெண்டு பேர் வந்தாலும் யாராவது வெளியேதான்.

மாரிக்கனி இன்று ஜோவியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "யக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது சளிக்கு அழுவுற அழுகை இல்ல. பிள்ளைக்குப் பசி. பால் பத்தல போல."

ஜோவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு பிள்ளை இன்னும் பெறாதவள், அவளுக்கு என்ன தெரியும்.

டிசம்பர் 12

அன்பியக் கூட்டம் மதினி வீட்டில். ஜெபமாலை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது மதினி சொன்னாள், மேற்கே மலையடிவாரத்தில் ஒரு இல்லம் இருக்கிறதாம். சிஸ்டர்கள் நடத்துகிறார்களாம். கட்டில், சூடான சாப்பாடு, டாக்டர் எல்லாம் உண்டாம். ஆன்றோவின் குட்டியானை வண்டியில் நாலு நாலு பேராகக் கொண்டுபோய் விட்டால் அவர்களுக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது.

முதலில் யார் போவது என்ற பேச்சு வந்தது. மாரிக்கனி போகட்டும் என்று நான்தான் சொன்னேன். கர்ப்பிணி, ஈரத் தரையில் படுக்கலாமா? டாக்டர் பக்கத்தில் இருப்பதுதானே நல்லது? எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஒருத்தி என் நல்ல மனசைப் புகழ்ந்தாள்.

ஆன்றோ தலை குனிந்தபடி சுண்டலைத் தின்றுகொண்டிருந்தார்.

டிசம்பர் 13

முதல் வண்டி போயிற்று. மாரிக்கனி ஏற மாட்டேன் என்றாள்.

"இங்க நர்ஸம்மாவுக்கு என்னயத் தெரியும்க்கா. மாசாமாசம் பாத்து எழுதித் தாறாவ. அங்க ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குமா?"

"இருக்கும்," என்றேன். இல்லம் என்றால் இருக்காதா?

"நீங்க பாத்திருக்கியளா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

இடுப்பில் இருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "நீங்க சொன்னா போறேன்க்கா," என்று ஏறிவிட்டாள். என் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தேன். ஏறினதும் மதினி தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். வெளியே இருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் கிளம்பிய ஆன்றோ இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். மலையடிவாரம் போய்வர அரை நாள் ஆகும் என்று நினைத்திருந்தேன். மழையில் ரோடு காலியாக இருந்திருக்கும். ராத்திரி சாப்பிடவில்லை. "வயிறு சரியில்ல பிள்ளே," என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

டிசம்பர் 14

அடுக்களையில் ரேஷன் அரிசி மூட்டையைக் காணோம். ஆன்றோவிடம் கேட்டால், "இல்லத்துக்குக் குடுத்தேன்," என்கிறார்.

"சிஸ்டர்மாரு நடத்துத இல்லத்துக்கு ரேஷன் அரிசி எதுக்குங்க?"

"சும்மா கையோட போக முடியுமா?"

நல்ல மனசு அவருக்கு. இல்லத்தின் பெயர் என்ன என்று கேட்டேன். "அக்காட்ட கேளு," என்றார். மதினியிடம் இன்னும் கேட்கவில்லை. வேலை சரியாக இருக்கிறது.

டிசம்பர் 17

ரெண்டாவது வண்டி. மழை விட்டபாடில்லை, தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொல்கிறார்கள். மாஸ்டர் ஏறுமுன் ஆன்றோவைக் கூப்பிட்டார்.

"ஏல தம்பி, அந்த இல்லத்துல பரோட்டா உண்டுமா?"

"உண்டு, ஏறுங்க அண்ணாச்சி."

"சால்னா?"

"எல்லாம் உண்டு."

"ஒரு போன் மட்டும் கெடயாது போல. முன்ன போனவ ஒருத்தரும் ஒரு வார்த்த பேசக் காணமே."

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆன்றோ வண்டி சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் ஜோவிக்குக் குல்லா எடுக்க உள்ளே வந்துவிட்டேன்.

டிசம்பர் 20

மூன்றாவது வண்டியும் போய்விட்டது. கூடம் காலி. பினாயில் ஊற்றிக் கழுவி, வாசலில் மாக்கோலம் போட்டு, பெரிய நட்சத்திரம் கட்டியிருக்கிறோம். தெரு துடைத்துவிட்டது மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் என்னை அறியாமல் ஒன்பது பேருக்கு அரிசி களைந்துவிட்டேன்.

ஜோவி தூங்குவதே இல்லை.

டிசம்பர் 22

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் கொல்லையில் ஜோவியின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் வந்து விழுந்தார். மாஸ்டர். பாதம் ரெண்டும் வெடித்து, முழங்கால்வரை செம்மண். உடம்பு அனலாகக் கொதித்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"இல்லமும் இல்ல ஒண்ணும் இல்ல தாயி. தேரிக்காட்டுல கொண்டுபோய் எறக்கி விட்டுட்டான் ஒம் புருஷன்."

தேரி என்றால் எங்களுக்குத் தெரியும். கண்ணுக்கெட்டின தூரம் சிவப்பு மணல், பனை, உடைமரம். வெயில் காலத்தில் பதநீர் காய்ச்சுகிறவர்கள் ஓலையில் விடிலி போட்டுத் தங்குவார்கள். மழைக்காலத்தில் அங்கே ஒரு குருவி இருக்காது.

"பனையேறி விட்டுட்டுப் போன விடிலி ஒண்ணு நிக்கி. அதுலதான் அத்தன பேரும். கூரை ஒழுகுது. அரிசி தந்தான், ஆனா நனஞ்ச வெறகு பத்தினாத்தான கஞ்சி? அந்தப் பிள்ள மாரிக்கனிக்கு வயிறு எறங்கிட்டு. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அவளால மணல்ல நடக்க ஏலாது. நான் கெளம்பும்போது கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா, ஷெர்லின் அக்காட்ட மட்டும் சொல்லுங்க, அவிய வந்துருவாவன்னு."

நாள் ஆகவில்லையே, ஏழு மாதம்தானே என்று நினைத்தேன். ஜோவியும் ஏழில்தான் பிறந்தாள்.

மாஸ்டரைக் கொல்லைப்புற அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினேன். ஆன்றோ வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"அக்காதான் சொன்னா. ரெண்டு வாரம்தானல, சாமி தெருவப் பாத்துட்டுப் போன மறுநாளே திருப்பிக் கூட்டிட்டு வந்துருவோம்னா. பொய்தான், ஆனா கெடுதி பண்ணணும்னு இல்ல பிள்ளே. அரிசி குடுத்தேன், தீப்பெட்டி குடுத்தேன். இருபத்தஞ்சாந்தேதி விடிஞ்சதும் மொத வேலையாப் போயி எல்லாரையும் ஏத்திட்டு வந்துருதேன்."

"இப்பவே போவோம்ங்க."

"இப்பக் கொண்டாந்தா எங்க வைக்க? சாமி வந்து கேட்டா அக்கா மூஞ்சிய எங்க வச்சிக்கிடுவா? இன்னும் ரெண்டு ராத்திரிதான். நீ பாலனைத் தூக்கண்டாமா?"

என் நேர்த்திக்கடன் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தூக்கத்தில் உளறியிருப்பேன்.

டிசம்பர் 23

மழை. ஜோவிக்கு உடம்பு சுடுகிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது. தலைப்பிரசவ வலி ரெண்டு நாள்கூட இழுக்கும், எனக்கு இழுத்தது. ஆம்புலன்ஸுக்கு அடிக்கலாம் என்று போனை எடுத்தேன். எந்த இடம் என்று கேட்பார்கள்; தேரிக்கு ஏது அடையாளம்? யார் கொண்டுபோய் விட்டது என்றும் கேட்பார்கள். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

மாஸ்டர் கொல்லை அறையில் இருந்து குரல் கொடுத்தார். "என்ன தாயி, கெளம்புதியளா?"

"நாளைக் கழிச்சு விடியக்காலம் வண்டி வருது அண்ணாச்சி."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு பிளாஸ்க் வெந்நீர் கேட்டார், பழைய துணி கேட்டார், பிளேடு இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். அந்தக் காலை வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

போக வேண்டாம் என்று நான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் 24

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். ஜோவி என் மடியில்.

பங்குச்சாமி குடை பிடித்துக்கொண்டு சாயங்காலம் வந்தார். தெரு முழுக்க இரண்டு பக்கமும் மெழுகுதிரியோடு நின்றோம். கூடத்தைத் திறந்து பார்த்தார். அந்தப் பினாயில் வாசம் இன்னும் இருந்தது.

"இங்க இருந்தவங்கல்லாம் எங்க பிலோமி?"

"நல்ல இல்லத்துல சேத்துருக்கோம் சாமி," என்றாள் மதினி. சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தாள். 

சாமி என் பக்கம் திரும்பினார். ஜோவியின் கன்னத்தைத் தொட்டார். "அந்த மாசமா இருந்த பிள்ளை? போன மாசம் கோயில் வாசல்ல பாத்தேன். அவ எப்படி இருக்கா?"

தெருவே என்னைப் பார்த்தது. ஆன்றோ எதிர்ப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் மெழுகுதிரி அணைந்துபோயிருந்தது.

"நல்லா இருக்கா சாமி," என்றேன்.

ஒரு ராத்திரிதானே. விடிந்தால் வந்துவிடுவாள்.

நள்ளிரவுப் பூசையில் வானவர் கீதம் தொடங்கியதும் மணி அடித்தார்கள், வெளியே வேட்டுப் போட்டார்கள். பாலன் சுரூபத்தை என் கையில் கொடுத்தார்கள். கனம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒன்றும் இல்லாத களிமண் சுரூபம், வெறும் கூடு. பீடத்துக்குப் போகிற வழியெல்லாம் கீழே போட்டுவிடுவேனோ என்று நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

டிசம்பர் 25

விடியுமுன் ஆன்றோ கிளம்பினார். நானும் ஜோவியைப் போர்த்தி எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

மழை விட்டிருந்தது. ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மணலில் நடந்தோம். விடிலி நின்றது. உள்ளே யாரும் இல்லை. அரிசி மூட்டை நனைந்து பூசணம் பூத்திருந்தது. என் ஸ்வெட்டர் இல்லை. பிளாஸ்க் இல்லை. ஒரு மூலையில் மட்டும் புது மணலைக் கொட்டி, கையால் தட்டிச் சமப்படுத்தியிருந்தது. தேரி மணலே சிவப்பு. அதில் என்ன சிந்தியிருந்தாலும் தெரியாது.

ஆன்றோ பனைகளுக்கு நடுவே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். ஆடு கிடை போட்டிருந்த ஒருவர் சத்தம் கேட்டு வந்தார்.

"விடிலிக்காரவளா? விடியுமுன்னயே எந்திரிச்சுப் போயிட்டாவளே. மொத்தமா நடந்து போனாவ. முன்ன ஒருத்தர் நொண்டிக்கிட்டுப் போனாரு."

"அதுல ஒரு பிள்ளத்தாச்சி இருந்தாளா?"

"இருட்டுல யாரு கண்டா? ஆனா ராத்திரி அழுத சத்தம் கேட்டுச்சு. உங்க ஊர் வேட்டு ஓஞ்ச பெறவு. மொதல்ல ரெண்டு சத்தம். பெறவு ஒண்ணுதான்."

"எது?" என்றேன். "பெரிய சத்தமா, சின்னதா?"

"காத்துல எப்பிடிம்மா தெரியும்? தூரத்துல கெடந்தேன். ஒண்ணு நின்னுட்டு. ஒண்ணு கெடந்து அழுதுகிட்டே இருந்துச்சு."

எந்தத் திசையில் போனார்கள் என்று கேட்டோம். கை காட்டினார். அந்தப் பக்கம் ஊர் எதுவும் கிடையாது.

டிசம்பர் 26

ஆன்றோ இன்றும் போய்த் தேடினார். ரெண்டு ஆஸ்பத்திரியிலும் விசாரித்தாராம். அப்படி யாரும் வரவில்லையாம். "யாராச்சும் வண்டிக்காரன் ஏத்திட்டுப் போயிருப்பான். எங்கயாச்சும் நல்ல எடத்துல இருப்பா," என்கிறாள் மதினி.

நாளைக்குச் சாமியிடம் சொல்லிவிடுவேன். போலீஸுக்குப் போகச் சொன்னால் போவேன்.

டிசம்பர் 27

மழை. போகவில்லை.

டிசம்பர் 28

மாசில்லாக் குழந்தைகள் திருநாள், ஏரோது ராஜா கொன்ற பிள்ளைகளின் நினைவு. கைக்குழந்தைகளுக்கு ஆசீர்வாதம் என்பதால் கோயிலுக்குப் போனேன். இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வரிசை நீளம். என் முறை வந்ததும் சாமி ஜோவியின் நெற்றியில் சிலுவை போட்டார். சிரித்தார்.

"அந்தப் பிள்ளைக்குப் பிரசவம் ஆயிட்டா?"

"ஆயிருக்கும் சாமி."

"என்ன குழந்தை?"

பின்னால் நின்றவள் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னை நெருக்கினாள்.

"தெரியல சாமி," என்றேன்.

"இல்லத்து நம்பரக் கொண்டா. நான் பேசிக் கேக்கேன்."

"நான் வாங்கித் தாறேன் சாமி," என்றாள் மதினி, எங்கிருந்தோ.

ஜனவரி 2

மதினி நம்பர் கொடுக்கவில்லை. சாமியும் மறுபடி கேட்கவில்லை. கோயில் திருவிழா வேலை வந்துவிட்டது.

ஆன்றோ வண்டியை விற்கப்போகிறேன் என்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் இப்போது ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.

இன்று மத்தியானம் ஜோவி அழுதாள். அடுப்பில் இருந்தவள் ஓடினேன். தொட்டில் பக்கம் போனதும் கை நீளவில்லை. அப்படியே நின்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் சிவந்து, குரல் கம்மி, அழுதுகொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு டிவியையும் காற்றையும் கழித்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன், இன்னொரு சத்தம் கேட்கிறதா என்று.

ஒன்றுதான் கேட்டது.